புகழ் கிடைத்தது, பணம் எங்கே?

அமெரிக்காவில் ஜூன் மாதம் கறுப்பின மக்களின் இசைக்குரிய மாதமாகக் கொண்டாடப்படுகின்றது. 1979 ஆம் ஆண்டு ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் தொடக்கி வைத்த வழக்கம் அது. புளூஸ், ஜாஸ், சோல், ராப் என உலகம் கேட்டு மகிழும் இசைவகைகள் பல அம்மக்களிடையே பிறந்தவை என்பதில் இருவேறு கருத்துகளுக்கு இடமில்லை. எனினும், பாராட்டுடன் சேர்த்து நாம் நோக்கவேண்டிய கணக்கொன்றும் உண்டு.

மிசிசிப்பியில் பிறந்த புளூஸ் பாடகர் ஆர்தர் குரூடப், 'தட்ஸ் ஓல் ரைட்' என்ற தமது பாடலை 1946 இல் ஒலிப்பதிவு செய்தார். 1954 இல், 19 வயதேயான எல்விஸ் பிரெஸ்லி மெம்பிஸ் நகரில் அதனை மீளப் பாடினார். எல்விஸின் முதலாவது இசைத்தட்டில் இடம்பெற்ற பாடல் அதுவே. குரூடப்புக்குத் தாம் பட்ட கடனை எல்விஸ் மறைத்தவரல்லர். 1956 இல் செய்தியாளரிடம் வெளிப்படையாகவே கூறினார்.

தவறு வேறிடத்தில் இருந்தது. பாடலொன்று விற்பனையாகும்போது அதனை இயற்றியவருக்கும் உரிமைப்பணம் சேரவேண்டும். ஆனால், அக்காலக் கறுப்பினக் கலைஞர் பலரின் உரிமைகள் ஒப்பந்தங்கள் வாயிலாக முகாமையாளர்களினதும் வெளியீட்டாளர்களினதும் கைகளுக்குச் சென்றிருந்தன. குரூடப்புக்கும் அதுவே நேர்ந்தது. வயற்கூலியாக உழைத்தே அவர் குடும்பத்தைக் காத்தார். பின்னாளில் உரிமை கோரிப் போராடியும் 1974 இல் காலமாகும் வரை அவருக்குரிய பணத்தின் பெரும்பகுதி கைக்கு எட்டவில்லை. அவரது மறைவின் பின்னரே அது வாரிசுகளைச் சென்றடையத் தொடங்கியது.