பழைய கார் கனவு, எஞ்சினில் தீ: 62,000 ரூபாய்க்கு நான் படிச்ச பாடம்



நம்ம சேனலில் கார் லோன் வீடியோ போடும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாம வருது. "ப்ரோ, புது காருக்கு ஏழு வருஷம் இ.எம்.ஐ. கட்டுறதுக்குப் பதிலா, ஒரு பழைய அம்பாசடரோ பத்மினியோ கான்டெஸாவோ கையில இருக்கிற காசுக்கு வாங்கி ரெடி பண்ணா என்ன?"

தப்பே இல்லை. நானே அப்படி வாங்கினவன்தான். 1991 மாடல் அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். வண்டிக்கு 1,40,000, பெயின்ட், சீட், குரோம் வேலைக்கு 85,000. போனஸ் பணத்தில் வாங்கினேன், கடன் இல்லை. ரொம்பப் பெருமை.

அந்தக் காருக்கு நான் எடுத்திருந்த இன்சூரன்ஸ் வெறும் தேர்ட் பார்ட்டி. "ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுற வண்டி, இதுக்கு எதுக்கு ஃபுல் கவர்?"னு நினைச்சு வருஷத்துக்கு சுமார் 6,000 ரூபாய் மிச்சம் பிடிச்சேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா பக்கத்து சீட்டில். வண்டலூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் போய்க்கிட்டிருந்தோம். ரெண்டு நாளாவே லேசா பெட்ரோல் வாசனை வந்துக்கிட்டிருந்தது. "பழைய வண்டின்னா அப்படித்தான்"னு விட்டுட்டேன். திடீர்னு எஞ்சின் ரெண்டு தடவை திக்கிச்சு, பானட் ஓரத்தில் புகை. ஓரமா நிறுத்தி, அப்பாவை இறக்கிட்டு, ஓடிப்போய் பானட்டை முழுசா தூக்கினேன்.

அதுதான் நான் செஞ்ச பெரிய முட்டாள்தனம். உள்ளே சின்னதா இருந்த தீ காத்து கிடைச்சதும் 'புஸ்'னு மேலே வந்தது. புருவமும் முன்கை முடியும் கருகிப் போச்சு. "தம்பி, பானட்டை மூடுங்க முதல்ல!"னு கத்திக்கிட்டே ஒரு லாரி டிரைவர் தன்னோட வண்டியில் இருந்த தீயணைப்பானோட ஓடி வந்தார். அவர் மட்டும் இல்லைன்னா வண்டி மொத்தமா போயிருக்கும்.

சரி, மெக்கானிக் பில்லைப் பாருங்க:

- வயரிங் முழுசும், லேபரோட: 18,000
- கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப், ஹோஸ், ஏர் ஃபில்டர்: 14,500
- பானட் டிங்கரிங், பெயின்ட்: 16,000
- பேட்டரி: 5,500
- டோயிங்: 3,000
- சில்லறை வேலைகள்: 5,000

மொத்தம் 62,000 ரூபாய். இன்சூரன்ஸில் இருந்து வந்தது பூஜ்யம். காரணம்? விறைச்சுப்போய் வெடிப்பு விட்ட ஒரு பெட்ரோல் ஹோஸ். அதோட விலை 200 ரூபாய்கூட இல்லை.

பழைய காரில் ஏன் தீ பிடிக்குது?

தீக்கு மூணு விஷயம் வேணும்: எரிபொருள், காத்து, சூடு. பழைய கார் பானட்டுக்குள்ளே இந்த மூணும் ரொம்ப நெருக்கமா இருக்கும்.

அம்பாசடரையே எடுத்துக்கோங்க. அந்த பழைய பெட்ரோல் எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். கார்புரேட்டர் மேலே, கொதிக்கிற மேனிஃபோல்ட் கீழே. கார்புரேட்டருக்குள்ளே இருக்கிற மிதவையோட ஊசி வால்வில் தூசி சிக்கினா, பெட்ரோல் நிரம்பி வழியும். வழிஞ்சா எங்கே விழும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இது தவிர வழக்கமான காரணங்கள்:

ரப்பர் ஹோஸ். வயசானா விறைக்கும், வெடிக்கும். இப்போ பங்க்கில் கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பரும் பம்ப் டயஃப்ரமும் இதை மனசில் வச்சுத் தயாரிச்சது இல்லை. சீக்கிரம் கெட்டுப்போகும்.

வயரிங். பல பழைய கார்களில் மொத்தமே ரெண்டு மூணு ஃப்யூஸ்தான். அதில் நாம போய் பவர்ஃபுல் ஹெட்லைட், ஏர் ஹார்ன், மியூசிக் சிஸ்டம்னு ஏத்துவோம். வயர் சூடாகும், மேல் உறை உருகும், ஷார்ட் ஆகும்.

பேக்ஃபயர். டைமிங் சரியில்லாத எஞ்சின் கார்புரேட்டர் வழியா தீயைத் துப்பும். 'ஸ்டைலா இருக்கு'ன்னு ஏர் ஃபில்டரைக் கழட்டி வச்சா, அந்தத் தீயைத் தடுக்க ஒண்ணும் இருக்காது.

எண்ணெய்க் கசிவும் துணியும். மெக்கானிக் மறந்து விட்ட ஒரு எண்ணெய்த் துணி போதும்.

தீ பிடிச்சா முதல் ஒரு நிமிஷம்

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

1. ஓரமா நிறுத்தி உடனே இக்னிஷன் ஆஃப். எஞ்சின் நின்னா மெக்கானிக்கல் பம்ப் பெட்ரோல் தள்ளுறது நிக்கும். எலக்ட்ரிக் பம்ப் போட்டிருந்தா அதுவும் இக்னிஷனோட நிக்கிற மாதிரி வயரிங் இருக்கணும்.

2. எல்லாரையும் இறக்குங்க. டிராஃபிக் பக்கம் இல்லாம, ரோட்டோரப் பக்கமா நல்ல தூரம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. லேப்டாப், பேக் எதுக்கும் திரும்பிப் போகக் கூடாது.

3. ஒருத்தர் 112 அல்லது 101-க்கு போன் பண்ணட்டும். நாமே அணைச்சிடலாம்னு தோணினாலும் போன் பண்ணுங்க.

4. பானட்டை முழுசா திறக்காதீங்க. லாக்கை மட்டும் விடுவிச்சு, ரெண்டு விரல் இடைவெளி வழியாவோ, கிரில் வழியாவோ, வீல் ஆர்ச் பக்கமாவோ பவுடரை அடிங்க. பானட் தொட முடியாத அளவு சூடா இருந்தா கையே வைக்காதீங்க.

5. தீயோட அடிப்பகுதியைக் குறி வச்சு இடமும் வலமுமா அடிக்கணும். ஒரு கிலோ சிலிண்டர் பத்து செகண்டுக்குள்ளே காலியாகிடும். அதனால பதட்டத்தில் தூரத்திலேயே அடிச்சு வீணாக்காதீங்க.

6. பெட்ரோல் தீயில் தண்ணி ஊத்தக் கூடாது. தண்ணிக்கு மேலே பெட்ரோல் மிதந்து தீ பரவும். மணல் கிடைச்சா கீழே சிந்தின பெட்ரோல் மேலே போடலாம்.

7. சிலிண்டர் காலியாகியும் தீ அடங்கலையா? தீ கேபினுக்குள்ளே வந்துடுச்சா? டேங்க் பக்கம் போகுதா? விலகி வந்துடுங்க. கார் எரியட்டும். காரை எப்படியும் திரும்ப வாங்கலாம்.

அணைஞ்ச பிறகும் உடனே பானட்டைத் திறக்காதீங்க. சூடான உலோகத்தில் பெட்ரோல் ஆவி பட்டு மறுபடி பிடிக்கலாம். பவுடரைச் சீக்கிரம் சுத்தம் பண்ணணும், ஈரம் பட்டா உலோகத்தை அரிக்கும். ஆனா இன்சூரன்ஸ் கிளெய்ம் இருந்தா சர்வேயர் பார்த்த பிறகுதான் எதையும் தொடணும்.

இப்போ பணத்துக்கு வருவோம்

தேர்ட் பார்ட்டி பாலிசி சட்டப்படி கட்டாயம். ஆனா அது உங்க காரால மத்தவங்களுக்கு ஆகிற நஷ்டத்துக்குத்தான். உங்க கார் எரிஞ்சா ஒரு பைசா வராது. 1000 முதல் 1500 சிசி காருக்கு இந்த பிரீமியம் 2022 ஜூனில் 3,416 ரூபாயா நிர்ணயிச்சது, வரி தனி.

தீக்குப் பணம் வேணும்னா 'ஓன் டேமேஜ்' கவர் வேணும். அதில் தீ, வெடிப்பு, தானா பத்திக்கிறது, மின்னல் எல்லாம் அடங்கும். ஆனா பழைய கார்க்காரங்க நாலு விஷயம் கவனிக்கணும்.

ஒண்ணு, ஐ.டி.வி. அஞ்சு வருஷம் தாண்டின காருக்கு ஐ.டி.வி. என்னன்னு நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்றதுதான். ஏஜென்ட் 60,000-னு போட்டா அப்படியே கையெழுத்துப் போடாதீங்க. ரீஸ்டோரேஷன் பில், போட்டோ எல்லாம் காட்டி நியாயமான மதிப்பு கேளுங்க. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.-யில் 75 சதவீதத்தைத் தாண்டினா 'டோட்டல் லாஸ்'. அப்போ ஐ.டி.வி.-தான் உச்சவரம்பு. 60,000 போட்டிருந்த ஒருத்தருக்கு என் பில் வந்திருந்தா கதை அதோட முடிஞ்சது.

ரெண்டு, தேய்மானம். பத்து வருஷம் தாண்டின காருக்கு உலோகப் பாகங்களில் 50 சதவீதம் கழிப்பாங்க. ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கும் 50. லேபருக்குக் கழிவு இல்லை. 1500 சிசி வரைக்கும் 1,000 ரூபாய் கட்டாயக் கழிவு. 'ஜீரோ டெப்' இந்த வயசு காருக்குக் கிடைக்காதுன்னே வச்சுக்கோங்க. என் 62,000 பில்லுக்கு ஃபுல் கவர் இருந்திருந்தா தோராயமா 35,000 முதல் 40,000 வரை வந்திருக்கும். முழுசா இல்லை, ஆனா ஒரு மாச வாடகையும் ரெண்டு மாச எஸ்.ஐ.பி.-யும் தப்பிச்சிருக்கும்.

மூணு, மாற்றங்கள். கேஸ் கிட் போட்டிருந்தா ஆர்.சி.-யிலும் பாலிசியிலும் ஏறியிருக்கணும். எஞ்சின் மாத்தியிருந்தாலும் அப்படித்தான். சொல்லாம விட்டா கிளெய்ம் நேரத்தில் அதுதான் முதல் கேள்வி.

நாலு, கிடைக்கிறதே கஷ்டம். 15 வருஷம் தாண்டின காருக்கு எல்லா கம்பெனியும் ஃபுல் கவர் தர மாட்டாங்க. தர்றவங்க வண்டியை இன்ஸ்பெக்ஷன் பண்ணுவாங்க. ஆன்லைனில் 'இல்லை'ன்னு வந்தா விட்டுடாதீங்க, கிளை ஆபீஸுக்கு நேரில் போய்க் கேளுங்க. இந்த வேலையை கார் வாங்குறதுக்கு முன்னாடியே செய்யுங்க.

50 வருஷம் தாண்டி, ஒரிஜினல் நிலையில் இருக்கிற கார்களுக்கு 2021-ல் வந்த விதிப்படி 'வின்டேஜ்' பதிவு உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருஷம் செல்லும். தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் பாதி தள்ளுபடியும் உண்டு. ஆனா அந்தப் பதிவு வாங்கின காரைத் தினசரி ஓட்ட முடியாது.

பெயின்ட்டுக்கு முன்னாடி இந்த 9,000

தீக்குப் பிறகு நான் செஞ்ச செலவு இது. முன்னாடியே செஞ்சிருக்க வேண்டியது.

- எத்தனால் தாங்குற பெட்ரோல் ஹோஸ், நல்ல கிளிப், ஃபில்டர்: 2,500
- கார்புரேட்டர் சர்வீஸ் கிட்: 1,500
- ஹெட்லைட்டுக்கு ரிலே, கூடுதல் ஃப்யூஸ் பாக்ஸ்: 2,500
- பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்ச்: 700
- ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள 2 கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான்: 1,800

மொத்தம் 9,000. தீயணைப்பானை டிக்கியில் போடாதீங்க. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், கை எட்டுற இடத்தில் பிராக்கெட் போட்டு மாட்டுங்க. மாசம் ஒரு தடவை பிரஷர் முள் பச்சையில் இருக்கான்னு பாருங்க. வண்டியை நிறுத்திட்டுப் போகும்போது கட்-ஆஃப் ஸ்விட்சைத் திருப்பிடுங்க.

அதோட ஒரு பழக்கம். ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பானட்டைத் திறந்து ஒரு நிமிஷம் மோந்து பாருங்க. பெட்ரோல் வாசனை வந்தா அன்னைக்கு வண்டி வெளியே போகக் கூடாது.

ஆக, பழைய கார் வாங்கப் போறீங்கன்னா பட்ஜெட்டை இந்த வரிசையில் போடுங்க: முதலில் ஹோஸும் வயரிங்கும், அடுத்து தீயணைப்பான், அப்புறம் சரியான ஐ.டி.வி.-யோட ஃபுல் கவர், கடைசியா பெயின்ட். நான் தலைகீழா போட்டேன். 6,000 மிச்சம் பிடிக்கப் போய் 62,000 கொடுத்தேன். அன்னைக்குப் பக்கத்து சீட்டில் அப்பா இருந்தார்ங்கிறது எந்த பில்லிலும் வராது, ஆனா அதை நினைச்சா இப்பவும் கை நடுங்கும்.

உங்க வீட்டில் பழைய கார் இருக்கா? இன்னைக்கே பாலிசியை எடுத்து, அதில் 'ஓன் டேமேஜ்' வரி இருக்கான்னு பாருங்க. இருந்தா ஐ.டி.வி. எவ்வளவுன்னு கமெண்ட்டில் சொல்லுங்க. இல்லைன்னா, நாளைக்கே போன் பண்ணுங்க.

அடுத்த பதிவில் சந்திப்போம். பத்திரமா ஓட்டுங்க!