பிள்ளைக்கு முதல் ஸ்மார்ட்போன்: எப்போது வாங்கித் தரலாம்?

“கிளாஸ்ல எல்லார்கிட்டயும் போன் இருக்கு, எனக்கு மட்டும்தான் இல்ல!” - ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. வீட்டுப்பாடமே வாட்ஸ்அப் குரூப்பில் வரும்போது, ஒரேயடியாக ‘முடியாது’ என்று சொல்லவும் பெற்றோர் தயங்குகிறார்கள். அப்படியென்றால், எந்த வயதில்தான் வாங்கித் தருவது?

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கக் குறைந்தபட்ச வயது என்று எதுவும் இல்லை. இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (2023), 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்கிறது. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் முக்கிய சமூக வலைதளங்களில் கணக்கு வைத்திருக்க 2025 டிசம்பர் 10 முதல் தடை உள்ளது. கவனியுங்கள்: அங்கேயும் தடை போனுக்கு இல்லை, சமூக வலைதளத்துக்குத்தான். போன் வேறு, அதில் இருக்கும் ஆப் வேறு.

‘படிப்புக்குத்தானே கேட்கிறான்?’

கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட ‘ஏசர் 2024’ ஆய்வில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14 - 16 வயதினரில் 57% பேர் முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். சமூக வலைதளத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76%. படிப்புக்கென வாங்கும் போன், படிப்போடு நிற்பதில்லை.

என்ன செய்யலாம்?

முதலில், எதற்காகத் தேவை என்று பாருங்கள். டியூஷன் முடிந்து “அப்பா, கூட்டிட்டுப் போங்க” என்று சொல்ல பட்டன் போனே போதும். வீட்டுப்பாடத்துக்கு, ஹாலில் இருக்கும் வீட்டுப் பொது போன் போதும். அதைச் சொன்ன நேரத்தில் திருப்பி வைக்கும் பழக்கம் வந்த பிறகு, தனி போனைப் பற்றி யோசிக்கலாம்.

வாங்கிக் கொடுத்தால், ஆண்ட்ராய்டில் ‘ஃபேமிலி லிங்க்’, ஐபோனில் ‘ஸ்க்ரீன் டைம்’ வசதியை முதல் நாளே செட் செய்துவிடுங்கள். புது ஆப் இறக்கவும், பணம் செலுத்தவும் உங்கள் அனுமதி தேவைப்படும்படி வைக்கலாம். இரவு சார்ஜ் போடுவது ஹாலில்தான். இந்த விதி அப்பா, அம்மாவுக்கும் சேர்த்துத்தான்!

சொல்லக் கூடாத ஒரு வார்த்தை

“தப்பு பண்ணினா போனைப் புடுங்கிடுவேன்” என்று மிரட்டுவது பல வீடுகளில் சகஜம். ஆனால் முகம் தெரியாத ஒருவர் போட்டோ கேட்டு மிரட்டும்போது, பிள்ளை வாயைத் திறக்காமல் இருக்க இந்தப் பயமே காரணமாகிவிடும். மிரட்டுபவர்களுக்கு வேண்டியதும் அந்த மௌனம்தான். சிக்கல் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். பணம் பறிபோனால் சைபர் குற்ற உதவி எண் 1930. ஆனால் அதற்கு முன், பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமே?

“என்ன நடந்தாலும் எங்ககிட்ட சொல்லு, திட்ட மாட்டோம்” என்று சொல்லி, அதன்படி நடக்கப் பெற்றோர் தயாரா? அதைப் பிள்ளை நம்புகிறதா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால், போன் கடைக்குப் போகலாம்.