ஏழு எழுத்தா, பதினான்கா? தமிழ் நிரலாளர்கள் கூடுவது எதற்கு?

பைத்தான் என்ற நிரல்மொழியிடம் ‘திருக்கோவிலூர்’ என்று எழுதிக்கொடுத்து, நீளம் எவ்வளவு என்று கேளுங்கள். 14 என்று சொல்லும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டு எண்ணினால் ஏழுதான்: தி, ரு, க், கோ, வி, லூ, ர். அதே ஊர்ப்பெயரைக் கடைசியிலிருந்து திருப்பி எழுதச் சொன்னால் இன்னும் வேடிக்கை. முதலில் ஒரு புள்ளி எந்த எழுத்தின் மேலும் உட்காராமல் தனியே நிற்கும். அடுத்து ரூ, லி, வோ, க், கு, ரி, த என்று வரும். ஒவ்வோர் எழுத்தும் தன் குறியை விட்டுவிட்டுப் பக்கத்து எழுத்தின் குறியை மாட்டிக்கொண்டிருக்கும்.

கணினி பழுதாகவில்லை. அதற்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் ஒருங்குறித் தரத்தின் முதல் பதிப்பு 1991இல் வந்தது. அதில் தமிழுக்கு ஒதுக்கிய இடங்கள் 128. நம் எழுத்துகளோ 247. இந்திய மொழிகளுக்கென்று முன்பே இருந்த இஸ்கி தரத்தை ஒட்டி, உயிரெழுத்துகளுக்கும் க, ங, ச என்ற அகரமேறிய மெய்களுக்கும் ஆளுக்கோர் எண் தந்தார்கள். புள்ளி, கால், கொம்பு முதலிய குறிகளுக்குத் தனி எண்கள். இலக்கணப்படி க் என்ற மெய்யோடு அ சேர்ந்தால் க. கணினியில் க தான் அடிப்படை. அதற்குப் புள்ளி வைத்தால்தான் க். ஆகவே இந்த ஊர்ப்பெயரின் ஏழு எழுத்துகளும் இரண்டிரண்டு எண்களாகப் பிரிந்து 14 ஆகின்றன.

‘கோ’வில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஓகாரக் குறிக்கென்றே ஓர் எண் உண்டு. இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டாலும் அதே ‘கோ’ திரையில் தெரியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு ஒன்று 14, மற்றது 15. ஒருவிதமாகத் தட்டச்சிட்ட பெயரை மற்ற விதத்தில் தேடினால், பட்டியலில் இருக்கும் ஊரையே இல்லை என்று சொல்லிவிடும். அகரவரிசைக்கும் இதே கதி. அகராதியில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று படிக்கிறோம். ஒருங்குறியின் எண்வரிசையில் ந முடிந்ததுமே ன வருகிறது, ர முடிந்ததும் ற. எண்ணைப் பார்த்து அடுக்கினால் பெயர்ப்பட்டியல் முறைமாறிப் போகும்.

இவற்றுக்கெல்லாம் தீர்வு இருக்கிறது. இருவித ‘கோ’வையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் கட்டளை பைத்தானிலேயே உண்டு. ஆனால் அது தேவை என்று யாராவது சொன்னால்தானே தெரியும்? ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்யும் நிரலாளருக்கு இந்தத் தொல்லை வந்தே இராது. அதனால் அவர் எழுதும் பாடங்களில் இது இடம்பெறுவதும் அரிது. ஒரு மொழியின் நிரலாளர்கள் தங்களுக்குள் கூட வேண்டியிருப்பது இதனால்தான். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கான மாற்று ஏற்பாடு என்று இதைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரும் அந்தப் பதினான்கில் முட்டிக்கொள்வதைப் பார்க்க வேண்டும்.

20 நாடுகளில் ஆட்சிமொழியாக இருக்கும் ஸ்பானியத்துக்கும் இந்தத் தேவை உண்டு. எஸ்பான்யா என்ற நாட்டுப் பெயரிலேயே வரும் ‘என்யே’ எழுத்தை, நம் ‘கோ’வைப்போல, ஒரே எண்ணாகவும் எழுதலாம், எழுத்தும் அலைக்கோடுமாகப் பிரித்தும் எழுதலாம். அர்ஜென்டினாவிலும் ஸ்பெயினிலும் பைத்தான் குழுக்கள் இயங்குகின்றன. பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணங்களைத் தன்னார்வலர்கள் கூடி ஸ்பானியத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் இப்படிக் கூடும் பழக்கம் புதிதில்லை. நாடுகள் கடந்த தன்னார்வலர்கள் சேர்ந்து தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சென்னையில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் பயனர் குழு உருவானதும் அதே ஆண்டில்தான். 2012 ஜனவரியில் த. சீனிவாசன் முன்னின்று தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், கட்டற்ற மென்பொருள்களை எளிய தமிழில் அறிமுகப்படுத்தியது. முத்து அண்ணாமலை ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கினார். அதில் நிபந்தனையை முதலில் எழுதி, ‘ஆனால்’ என்ற சொல்லை அதன் பின்னால் போட வேண்டும். தமிழ் வாக்கியம் அமைகிற வரிசை அதுதான். அவரும் மற்றவர்களும் சேர்ந்து வளர்த்த ‘ஓப்பன்-தமிழ்’ என்ற பைத்தான் தொகுப்பிடம் திருக்கோவிலூரைக் கொடுத்தால் ஏழு என்று எண்ணும்.

திருக்கோவிலூர் மாணவருக்கு இந்த உலகத்தின் கிட்டத்து வாசல் விழுப்புரம். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும்வரை அவர்களுக்கு அதுதான் மாவட்டத் தலைநகர். அங்கே இயங்கும் குனு/லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்குக் கணினி நுட்பங்களைக் கட்டணமில்லாமல் சொல்லித்தருகிறது. கற்பவரும் கற்பிப்பவரும் ஒரே பேச்சுவழக்கில் பேசிக்கொள்வதால் ‘இது தப்பான கேள்வியோ’ என்ற தயக்கம் பாதி அங்கேயே கழன்றுவிடும்.

ஊர் ஊராய்ச் சிதறிக் கிடப்பவர்கள் ஒரே நிரலில் எப்படி வேலை செய்கிறார்கள்? லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய ‘கிட்’ என்ற கருவி அதற்கு உதவுகிறது. நிரலின் முழு வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் படியெடுக்கப்படும். உங்கள் படியில் திருத்தம் செய்து அனுப்பினால், பராமரிப்பவர் எந்த வரி மாறியது என்று பார்த்து ஏற்பார். அல்லது காரணம் சொல்லித் திருப்புவார். ஏற்றால் அந்த வரி உங்கள் பெயரோடு வரலாற்றில் பதிவாகும். கருவி மட்டும் போதாது. புதிதாக வருபவரின் முதல் கேள்விக்கு இரண்டொரு நாளில் பதில் போக வேண்டும். அவர் தனியாகச் செய்து முடிக்கத்தக்க சின்ன வேலைகளைப் பிரித்து வைத்திருக்க வேண்டும். கலைச்சொற்களை ஆளுக்கொன்றாக மாற்றாமல் ஒரே பட்டியலாகப் பேண வேண்டும். இவை மூன்றும் தவறினால் குழு ஒருவர் இருவரின் பொழுதுபோக்காகச் சுருங்கிவிடும்.

சேர விரும்புகிறவர் முதல் நாளே நிரல் எழுத வேண்டும் என்பதில்லை. நல்ல பிழையறிக்கை எழுதினாலே பெரிய பங்களிப்பு. ‘தமிழ் சரியா வரல’ என்று எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எதைக் கொடுத்தீர்கள், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது, மென்பொருளின் பதிப்பு எது என்ற நான்கையும் எழுதுங்கள். அந்த நான்கும் இருந்தால், சிங்கப்பூரிலோ டொரன்டோவிலோ இருக்கும் ஒருவர் தன் கணினியில் அதே பிழையை வரவழைத்துப் பார்ப்பார். வரவழைக்க முடிந்தால், பெரும்பாலும் திருத்தவும் முடியும்.