மலோயா: கரும்புத் தோட்டத்தில் பிறந்த தாளம்

மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது ரீயூனியன். பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட இத்தீவின் கிரியோல் மக்களுடைய பாட்டும் ஆட்டமும்தான் மலோயா. மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கரும்புத் தோட்டங்களில் இதை உருவாக்கினார்கள். முன்னோருக்குப் படையலிடும் சடங்குகளில் ஒலித்த இந்தப் பாட்டு, அடிமை வாழ்வின் துயரத்தையும் எதிர்ப்பையும் சொல்லும் குரலாகவும் வளர்ந்தது.

1848 டிசம்பர் 20 அன்று அங்கே அடிமைமுறை ஒழிந்தது. தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் பலர் போய்ச் சேர்ந்தார்கள். 'மலபார்' எனப்படும் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் பாஞ்சாலிக்குத் தீமிதிக்கிறார்கள். தெருக்கூத்தும் அங்கே வேர்விட்டிருக்கிறது.

மலோயா பழக வருபவருக்குப் பார்வைக்கு எளிதாகத் தோன்றி, கைக்கு வசப்படாத கருவி காயாம்ப். கரும்புப் பூந்தண்டுகளை நெருக்கி அடுக்கித் தட்டையான பெட்டிபோலக் கட்டி, உள்ளே கல்வாழை விதையோ குன்றிமணியோ போடுவார்கள். இரு கைகளாலும் கிடையாகப் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்கும்போது விதைகள் ஒருசேர உருள வேண்டும். கை பிந்தினால் வெறும் சலசலப்புதான். ரூலேர் என்பது மாட்டுத்தோல் கட்டிய பீப்பாய் மேளம். வாசிப்பவர் அதைப் படுக்கவைத்து, அதன்மேலேயே அமர்ந்து கைகளால் அடிப்பார். மூங்கில் துண்டைக் குச்சிகளால் தட்டும் பிக்கேரும், சுரைக்குடுக்கை பொருத்திய வில்லான போப்ரும் கூடச் சேரும். ஒருவர் பாட, மற்றவர்கள் எதிர்ப்பாட்டுப் பாடுவார்கள். ஆடுபவர்கள் எதிரெதிரே நின்று, தொட்டுக்கொள்ளாமல், பாதம் தரையை விட்டு அதிகம் எழாதபடி இடுப்பை அசைத்து ஆடுவார்கள்.

1960, 70களில் நிர்வாகம் மலோயாவை ஒடுக்கியது. தன்னாட்சி கேட்ட ரீயூனியன் கம்யூனிஸ்ட் கட்சி அதற்கு மேடை கொடுத்ததே முக்கியக் காரணம். ஃபிர்மன் விரி போன்ற பாடகர்கள் அந்தக் காலத்திலும் விடாமல் பாடினார்கள். 1981இல் பிரான்சில் ஆட்சி மாறியதும் கெடுபிடி தளர்ந்தது. அடிமைமுறை ஒழிந்த நாள் 1983 முதல் தீவில் பொது விடுமுறை. அன்று ஊரெங்கும் மலோயா ஒலிக்கும்.

2009இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, சுமார் 300 குழுக்கள் மலோயா வாசித்துவந்தன. தீவின் இசைக் கல்லூரியிலும் இது பாடமாகியிருக்கிறது. அடிமைகளின் வழிவந்தவர்களோடு வெள்ளையரும் மலபார்களும் சீனரும் இன்று ஒரே வட்டத்தில் நின்று எதிர்ப்பாட்டுப் பாடுகிறார்கள்.