அக்கியோ: ஒரு பெயர், இரு வணிகர்

குழந்தைக்குப் பெயர் வைப்பதில் நமக்குள்ள அக்கறை ஜப்பானியருக்கும் உண்டு. அங்கே ஒரே ஓசையுள்ள பெயரை வெவ்வேறு எழுத்துகளில் எழுதலாம். எழுத்து மாறினால் பொருளும் மாறும். ஆண்களுக்கு வைக்கும் 'அக்கியோ' என்ற பெயர் அத்தகையது. 'அக்கி' என்பதற்கு ஒளி, தெளிவு என்று பொருள் தரும் எழுத்துகள் உள்ளன; முத்திரை, அத்தியாயம் என்று பொருள் தரும் எழுத்தும் உண்டு. 'ஓ' என்பது ஆண்மகனைக் குறிக்கும்.

ஒளியைக் குறிக்கும் எழுத்தால் பெயர் பெற்றவர் அக்கியோ மொரிட்டா (1921-1999). அரிசி மது, சோயா சாஸ் தயாரித்து விற்ற பழைய வணிகக் குடும்பத்தின் மூத்த மகன். 15-ஆம் தலைமுறை வாரிசு. குடும்பத் தொழிலை விட்டு, 1946-ல் மசாரு இபுக்காவுடன் சேர்ந்து தொடங்கிய சிறு நிறுவனமே பின்னாளில் சோனி ஆயிற்று.

1955-ல் அவர் டிரான்சிஸ்டர் ரேடியோ விற்க அமெரிக்கா சென்றார். அங்கே புலோவா என்ற பெரிய நிறுவனம் ஒரு லட்சம் ரேடியோ கேட்டது. நிறுவனத்தின் மொத்த முதலைப் போல் பல மடங்கு மதிப்புள்ள ஆர்டர் அது. ஒரே நிபந்தனை, ரேடியோவில் புலோவா பெயர்தான் இருக்க வேண்டும். ஊரிலிருந்த கூட்டாளிகள் ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். மொரிட்டா மறுத்துவிட்டார். உங்கள் பெயரும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யாருக்கும் தெரியாததுதானே என்பது அவர் வாதம். 1958-ல் நிறுவனமே சோனி என்று பெயர் மாற்றிக்கொண்டது.

முத்திரை என்ற எழுத்தால் பெயர் பெற்றவர் அக்கியோ டொயோடா, 1956-ல் பிறந்தவர். குடும்பப் பெயர் டொயோடா; காருக்கு வைத்த பெயர் டொயோட்டா. ஜப்பானிய எழுத்தில் இது எட்டுக் கோடுகளில் முடியும், எட்டு அவர்களுக்கு ராசியான எண். 2009-ல் அவர் நிறுவனத் தலைமையை ஏற்றார். அடுத்த ஆண்டே, குறைபாட்டுப் புகாரால் பல லட்சம் கார்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தார். ஒவ்வொரு காரிலும் இருப்பது தம் பெயர் என்று அங்கே சொன்னார். ராசி எண் இருந்தும் பதில் சொல்ல ஆள்தான் போக வேண்டியிருந்தது.

நாமும் ஒருமுறை, பெரிய ஆர்டர் என்ற ஆசையில், நம் துவரம்பருப்பை வேறொருவர் பெயர் அச்சிட்ட பையில் அடைத்துக் கொடுத்தோம். மூன்றாண்டு நன்றாக ஓடியது. பிறகு அவர் கொள்முதலை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டார். பருப்பு நம்முடையது என்பது ஒரு வாடிக்கையாளருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வணிகப் பெருமக்களே, பையில் நம் பெயரைப் போடுவோம். போட்ட பிறகு, சரக்கில் குறை வந்தால் நாமே கடை வாசலுக்கு வந்து பதில் சொல்வோம்.