சென்டிமீட்டர் துல்லியம் வேணுமா? முதல்ல கூரையைப் பாருங்க!

எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், மெகாட்ரானிக்ஸ், அக்ரி... எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் சரி, ஃபைனல் இயர்ல ஒரு டீமாவது 'டிரைவர் இல்லாம ஓடுற வண்டி' செய்யக் கிளம்பிடுது. ப்ராஜெக்ட் பட்ஜெட் போடும்போது பாருங்க... மோட்டார், பேட்டரி, ரிசீவர் போர்டு எல்லாத்துக்கும் தாராளமா காசு ஒதுக்குவாங்க. லிஸ்ட்டோட கடைசி வரியில, போனாப் போகுதுன்னு ஒரு ஐட்டம் இருக்கும். 'ஆன்டெனா, கேபிள் - 300 ரூபாய்'. "ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும் மச்சி, பாத்துக்கலாம்!"

அந்தக் கடைசி வரியிலதான் பாஸ் பல ப்ராஜெக்ட் படுத்துக்குது. போர்டைக் குறை சொல்லி, சாஃப்ட்வேரைக் குறை சொல்லி, கடைசியில 'சாட்டிலைட் சரியில்லை'ங்கிற லெவலுக்குப் போயிடுவாங்க. வில்லன் என்னவோ வண்டிக் கூரை மேல அமைதியா உட்கார்ந்திருப்பார்!

மீட்டர் எப்படி சென்டிமீட்டர் ஆச்சு?

உங்க செல்போன் மேப் சில மீட்டர் முன்னே பின்னே காட்டும். பீட்சா டெலிவரிக்கு அது போதும். ஆனா தானா ஓடுற டிராக்டருக்கு? பயிர் வரிசைகளுக்கு நடுவுல களை எடுக்குற கருவி 10 சென்டிமீட்டர் விலகினாலே, களைக்குப் பதிலா பயிர் காலி!

இங்கேதான் ஆர்.டி.கே. முறை வருது. சாட்டிலைட் அனுப்புற குறியீட்டை மட்டும் படிக்காம, அதைச் சுமந்து வர்ற ரேடியோ அலையையே எண்ணுறாங்க. ஜி.பி.எஸ்.ஸோட எல்-1 அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். ஒரு அலையோட நீளம் சுமார் 19 செ.மீ. அதுல நூறுல ஒரு பங்கு வரை ரிசீவரால பிரிச்சுப் பார்க்க முடியும். அதாவது 2 மில்லிமீட்டர்! இடம் துல்லியமா தெரிஞ்ச ஒரு புள்ளியில 'பேஸ்'னு இன்னொரு ரிசீவரை வெச்சு, அது அனுப்புற தகவலையும் சேர்த்துக் கணக்குப் போட்டா, வண்டி இருக்குற இடம் 1, 2 செ.மீ. துல்லியத்துல கிடைக்கும். முழு அலைகளோட எண்ணிக்கை சரியா சிக்கிட்டா அது 'ஃபிக்ஸ்'. சிக்காம ஊசலாடினா 'ஃப்ளோட்'. ஃப்ளோட்ல இருந்தா துல்லியம் அரை மீட்டருக்கும் போகலாம்.

ஒரு காலத்துல இந்த வசதி லட்சக்கணக்குல விலை சொல்லுற சர்வே கருவிகள்ல மட்டும்தான் இருந்துச்சு. சுவிட்சர்லாந்தின் யூ-பிளாக்ஸ் நிறுவனம் 2018-ல் ஸெட்-எஃப்9பி ரிசீவரை அறிவிச்ச பிறகு, ரெண்டு அலைவரிசை கேட்குற போர்டு சில நூறு டாலருக்கே கிடைக்க ஆரம்பிச்சுது. கனடாவுல அல்பெர்ட்டா மாநில விவசாயி பிரையன் டிஷ்லர், 'ஏஜி ஓப்பன் ஜி.பி.எஸ்.'னு ஒரு சாஃப்ட்வேர் எழுதி, யார் வேணும்னாலும் எடுத்துக்கோங்கன்னு இலவசமா கொடுத்துட்டார். பழைய டிராக்டர்ல இந்த மாதிரி போர்டையும் ஒரு மோட்டாரையும் மாட்டி, ஸ்டியரிங்கைத் தானா திரும்ப வைக்குறாங்க உலகம் முழுக்க இருக்குற விவசாயிகள்.

ஆக, ரிசீவர் இப்போ பெரிய விஷயமே இல்லை. எல்லார்கிட்டயும் கிட்டத்தட்ட ஒரே சிப்தான். வித்தியாசம் எங்கே? ஆன்டெனாவுலயும் அது உட்கார்ந்திருக்கிற இடத்துலயும்!

சாட்டிலைட் பேசுறது ரகசியக் குரல்ல!

20,200 கிலோமீட்டர் உயரத்துல இருந்து வர்ற சிக்னல், தரைக்கு வந்து சேரும்போது எவ்வளவு சக்தியோட இருக்கும் தெரியுமா? ஒரு வாட்டை, 1 போட்டு 16 சைபர் போட்ட எண்ணால வகுத்துப் பாருங்க... ஏறத்தாழ அவ்வளவுதான். இந்த முணுமுணுப்பை முதல்ல கேட்குற காது ஆன்டெனா. காது தப்பாக் கேட்டா, மூளை என்ன பண்ணும் பாவம்?

அதைவிடப் பெரிய தலைவலி எதிரொலி. நேரா வர்ற சிக்னலோட, தரையிலயும் சுவத்திலயும் பட்டுத் திரும்புற சிக்னலும் ஆன்டெனாவுக்குள்ள நுழையும். இதை 'மல்ட்டிபாத்'னு சொல்றாங்க. நேர் சிக்னலைவிட பலவீனமான ஒரே ஒரு எதிரொலி, அலை அளவீட்டை அதிகபட்சம் கால் அலைநீளம் வரை தள்ளிவிடும். எல்-1-க்கு அது கிட்டத்தட்ட 5 செ.மீ. குறியீட்டு அளவீட்டுலயோ மீட்டர் கணக்குல பிழை வரும். இந்தக் குழப்பத்துல முழு அலைகளைத் தப்பா எண்ணிட்டா, ரிசீவர் தைரியமா 'ஃபிக்ஸ்'னு காட்டிட்டு அரை மீட்டர் தள்ளி நிக்கும். இதுதான் ஆபத்தே. தெரியலைன்னு சொல்றவனை நம்பலாம். தப்பா அடிச்சு விடுறவனை?

நல்ல ஆன்டெனா இதுக்கு ஒரு தந்திரம் வெச்சிருக்கு. ஜி.பி.எஸ். அலை வலப்பக்கமா சுழன்றுகிட்டே வரும். ஏதாவது ஒண்ணு மேல பட்டுத் திரும்பினா, பெரும்பாலும் சுழற்சி இடப்பக்கமா மாறிடும். வலச்சுழியை மட்டும் வரவேற்று இடச்சுழியை வாசல்லயே நிறுத்துற ஆன்டெனாதான் நல்ல ஆன்டெனா. செல்போன்ல இருக்குற குட்டி ஆன்டெனாவுக்கு இந்த வித்தியாசமே தெரியாது. வர்ற சிக்னல்ல பாதியையும் கோட்டை விட்டுடும். ரெண்டு அலைவரிசை கேட்குற போன் 2018-லயே வந்தும், சென்டிமீட்டர் துல்லியத்துக்கு போன் தடுமாற முக்கியக் காரணம் இதுதான்.

எதை வாங்கலாம்?

பேட்ச் ஆன்டெனா: சதுரமான பீங்கான் வில்லை, அடியில காந்தம், கூடவே 3 அல்லது 5 மீட்டர் கேபிள். கார், டிராக்டர் மாதிரி உலோகப் பரப்பு உள்ள வண்டிகளுக்கு இதுதான் பட்ஜெட் ஹீரோ.

ஹெலிக்கல் ஆன்டெனா: குட்டி டம்ளர் மாதிரி இருக்கும். அடியில உலோகத் தகடு தேவையில்லை, எடையும் கம்மி. ட்ரோனுக்கும் சின்ன ரோபோவுக்கும் பொருத்தம்.

சர்வே ஆன்டெனா: காளான் குடை சைஸ்ல இருக்கும். விலை கொஞ்சம் அதிகம், எதிரொலியைத் தடுக்குறதுல கில்லாடி. பேஸ் ஸ்டேஷனுக்கு இதை வாங்கிடுங்க. ஏன்னா, பேஸ்ல நடக்குற தப்பு அப்படியே வண்டிக்கு வந்து சேரும்.

வாங்குறதுக்கு முன்னாடி அலைவரிசைப் பொருத்தம் பார்க்கணும். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்குற மாதிரிதான்! சில ரிசீவர்கள் எல்-1, எல்-2 (1227.60 மெகாஹெர்ட்ஸ்) கேட்கும். சிலது எல்-1, எல்-5 (1176.45 மெகாஹெர்ட்ஸ்) கேட்கும். நம்ம இஸ்ரோவின் நாவிக் சிக்னலும் எல்-5 இடத்துலதான் வருது. (2023 மே மாசம் ஏவின என்.வி.எஸ்.-01-ல் இருந்து எல்-1-லயும் சேர்த்துட்டாங்க.) 300 ரூபாய் ஆன்டெனா பெரும்பாலும் எல்-1 மட்டும் கேட்குற ரகம். அதை ரெண்டு அலைவரிசை போர்டுல மாட்டினா, கொடுத்த காசுல பாதி வேஸ்ட்!

தகரத்துக்கு இருக்குற மரியாதை

பேட்ச் ஆன்டெனாவைத் தனியா டேபிள்ல வெச்சு டெஸ்ட் பண்ணாதீங்க. அதுக்கு அடியில 10 முதல் 15 செ.மீ. விட்டமுள்ள உலோகத் தகடு கண்டிப்பா வேணும். கீழிருந்து வர்ற எதிரொலியை அது மறைக்கும், நேர் சிக்னலையும் பலமாக்கும். காருக்குக் கூரையே தகடு. ஆனா பல டிராக்டர் கேபின்களோட கூரை ஃபைபர், பிளாஸ்டிக். காந்தம் ஒட்டலைன்னாலே உஷாராகிடுங்க! பட்டறையில ஒரு இரும்புத் தகட்டுத் துண்டு கேட்டு வாங்கி, கூரையில பதிச்சு, அதுக்கு நடுவுல ஆன்டெனாவை வைங்க. இருக்குறதுலயே மலிவான அப்கிரேட் இதுதான்!

இடமும் முக்கியம். கூரையோட நடுப்பகுதி, வானம் நாலு பக்கமும் தெரியுற இடம். பக்கத்துல லக்கேஜ் கம்பி, எல்.இ.டி. லைட் பார், 4ஜி மோடம், மலிவு டேஷ்கேம் இதெல்லாம் வேண்டாம். இதுல சிலது சத்தமே இல்லாம ரேடியோ இரைச்சல் போடும். பேஸ் ஆன்டெனாவை மொட்டை மாடியில வெக்கும்போது தண்ணி டேங்க் பக்கத்துல வெக்காதீங்க. பிளாஸ்டிக் டேங்க்தானேன்னு நினைக்கலாம். உள்ளே இருக்குற தண்ணி, சிக்னலைத் திருப்பி அடிக்கும்.

இன்னொரு கணக்கு. டிராக்டர் கூரை தரையில இருந்து 3 மீட்டர் உயரம்னு வெச்சுக்குவோம். வண்டி 1 டிகிரி சாய்ஞ்சா ஆன்டெனா 5 செ.மீ. பக்கவாட்டுல நகர்ந்துடும். ஆன்டெனா சொல்றது சரி, ஆனா சக்கரம் இருக்குறது வேற இடம்! அதனால சாய்வை அளக்குற சென்சாரும் சேர்த்துதான் இந்த செட் முழுமையாகும். திசை தெரிய ரெண்டு ஆன்டெனா வெக்குறவங்க, ஒரே மாடலா வாங்கி ஒரே பக்கம் பார்த்து வைங்க. ரெண்டுலயும் இருக்குற பிழை ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். ஒரு மீட்டர் இடைவெளியில 1 செ.மீ. பிழை வந்தா, திசை 0.6 டிகிரி தப்பும். முடிஞ்ச அளவு தள்ளித் தள்ளி வைங்க.

கேபிள்: பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

கேபிள்ல போற சிக்னல் குறைஞ்சுகிட்டே போகும். 3 டெசிபெல் குறைஞ்சா பாதி, 10 குறைஞ்சா பத்துல ஒரு பங்கு. பென்சில் லெட்டை விடக் கொஞ்சம் தடியா இருக்குற ஆர்.ஜி.-174 கேபிள், இந்த அலைவரிசையில மீட்டருக்குச் சுமார் 1.3 டெசிபெல் விழுங்கும். 5 மீட்டருக்கு 6.5. அதனாலதான் ஆன்டெனாவுக்குள்ளேயே ஒரு ஆம்ப்ளிஃபையர் வெக்குறாங்க. இரைச்சல் கலக்கறதுக்கு முன்னாடியே சிக்னலைத் தூக்கிவிட்டுட்டா, அப்புறம் கேபிள்ல போற இழப்பு பெருசா வலிக்காது.

கணக்கு போட்டுப் பாருங்க. ஆன்டெனாவுல 28 டெசிபெல் ஆம்ப்ளிஃபையர் இருக்கு. 5 மீட்டர் கேபிள் போக மிச்சம் 21.5. ஸெட்-எஃப்9பி ரிசீவர் எதிர்பார்க்குறது 17-ல் இருந்து 50 வரை. பாஸ்! பஸ்ஸோ லாரியோன்னு, அதே மெல்லிசு கேபிள்ல இன்னும் 10 மீட்டர் ஒட்டுப் போட்டா? மிச்சம் 8.5. ஃபெயில்! அந்த 10 மீட்டருக்கு எல்.எம்.ஆர்.-200 போட்டா இழப்பு 4 டெசிபெல் சொச்சம்தான், தப்பிச்சுக்கலாம்.

"டிஷ் டி.வி. கேபிள் போடலாமா சார்?" தாராளமா! அது 75 ஓம், இது 50 ஓம். பொருத்தமில்லாததால போற இழப்பு வெறும் 0.2 டெசிபெல் அளவுதான். ஆர்.ஜி.-6 கேபிள் ஆர்.ஜி.-174-ஐ விட எவ்வளவோ கம்மியா விழுங்கும். மொட்டை மாடி பேஸுக்கு அருமையான சாய்ஸ். வண்டிக்கு மட்டும் வேண்டாம், அதிர்வுல விறைப்பான கேபிள் கனெக்டரைப் பதம் பார்த்துடும்.

ஆக, கார் கூரையில இருந்து டேஷ்போர்டு வரைக்கும்னா ஆன்டெனாவோட வர்ற கேபிளே போதும். 'தங்க முலாம்' கேபிளுக்குக் கொட்டுற காசை ஆன்டெனாவுக்குக் கொடுங்க.

இதுல எல்லாம் உஷார்!

* எஸ்.எம்.ஏ. கனெக்டரும் வைஃபை ஆன்டெனாவுல வர்ற ரிவர்ஸ் எஸ்.எம்.ஏ.வும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மரை ஏறிடும், ஆனா நடுவுல ஊசி தொடாது. சிக்னல் பூஜ்யம்!

* போர்டுல இருக்குற குட்டி யு.எஃப்.எல். கனெக்டரை சுமார் 30 தடவைதான் மாட்டிக் கழட்டலாம். விளையாடாதீங்க.

* ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் கேபிள் வழியாத்தான் போகுது. போர்டு 3.3 வோல்ட் கொடுக்குதா, 5 வோல்ட்டா, ஆன்டெனா எதைக் கேட்குதுன்னு பார்த்துட்டு மாட்டுங்க.

* வெளியில இருக்குற கனெக்டர்ல மழைத் தண்ணி புகுந்தா கதை முடிஞ்சது. ரப்பர் மாதிரி தானா ஒட்டிக்குற சீலிங் டேப்பை இழுத்துச் சுத்துங்க.

* கதவு இடுக்குல கேபிளை நசுக்காதீங்க.

பரீட்சை வெச்சுப் பாருங்க

யூ-பிளாக்ஸ் தர்ற யூ-சென்டர் அல்லது ஜப்பானின் தொமோஜி தகாசு உருவாக்கின இலவச 'ஆர்.டி.கே.லிப்' சாஃப்ட்வேர்ல, ஒவ்வொரு சாட்டிலைட்டோட சிக்னல் பலத்தையும் பார்க்கலாம். தலைக்கு மேல இருக்குற சாட்டிலைட்கள் 45-க்கு மேல காட்டினா சந்தோஷம். எல்லாமே 35-க்குக் கீழ முனகினா ஆன்டெனா, தகடு, கனெக்டர்னு வரிசையா செக் பண்ணுங்க.

அப்புறம் தரையில ஒரு பெயின்ட் குறி போட்டு, வண்டியை அதே இடத்துல நிறுத்தி, ஃபிக்ஸ் வந்ததும் குறிச்சுக்கோங்க. ரிசீவரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி மறுபடி ஃபிக்ஸ் வாங்குங்க. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. சாட்டிலைட்கள் இடம் மாறியும் எல்லா புள்ளியும் 2, 3 செ.மீ.க்குள்ள விழுந்தா உங்க கூரை பாஸ். ஒண்ணே ஒண்ணு அரை மீட்டர் தள்ளி விழுந்தாலும் வண்டியைத் தானா ஓட விடாதீங்க. எதிர்ல நிக்குறது பயிரா மட்டும் இருக்கணும்னு அவசியமில்லையே!

பட்ஜெட் ஷீட்டைத் திரும்ப எடுங்க. கடைசி வரியில இருக்குற ஆன்டெனாவை ரிசீவருக்குப் பக்கத்துல கொண்டு வாங்க. தகரத் தகடுக்குத் தனியா வரி வேண்டாம்... அது டீ செலவுலயே அடங்கிடும்!