பூச்சு பிடியாமை

“ஈயம் பூசினாற் போலவும் இருக்கவேண்டும், பூசாதது போலவும் இருக்கவேண்டும்” என்பது பழமொழி. இரு பக்கமும் நிற்க விரும்புவோரைக் கேலி செய்ய வழங்கினும், இதில் தொழில் உண்மையும் உண்டு: நல்ல ஈயப்பூச்சு மிக மெல்லியது.

கேமரன் மலையில் 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. அதன்பின் அங்குக் குடியேறிய தமிழர்க்குப் பித்தளை அண்டா புதிதன்று. இன்று எவர்சில்வர் அதன் இடத்தைக் கொண்டுவிட்டது. எனினும் பொங்கலுக்கும் கோயில் விருந்துக்கும் பரணிலிருந்து பழைய பித்தளை இறங்குவதுண்டு. பூச்சுத் தேய்ந்த பித்தளையிற் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும் என்பதைப் பாட்டிமார் அறிவர்.

பூச்சு ஏன் பிடிப்பதில்லை? பெரும்பாலும் பிழை பூசும்போது நேர்வதன்று; அதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. எண்ணெய்ப் பசையோ களிம்போ எஞ்சிய இடத்தில் உருகிய ஈயம் பரவாது, தாமரையிலை நீர்போல் உருண்டோடும். நவச்சாரம் தூவுவது இதற்காகவே. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. பின்னது உலோகத்தின் மேலுள்ள களிம்பை அரித்து நீக்கும். அப்புகை மூச்சுக்குக் கேடாதலின் திறந்த வெளியிற் செய்தல் நன்று. சூடு குறைந்தால் ஈயம் திட்டுத்திட்டாய் நிற்கும். மிகுந்தால் மஞ்சளித்துக் கருகும். வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகுவதால், பூசிய பாத்திரத்தை வெறுமையாய் அடுப்பில் ஏற்றுவது பூச்சைத் தானே வழித்தெடுப்பதற்கு ஒப்பாகும்.

மின்சாரத்தால் நிக்கல் முலாம் பூசும் பட்டறையிலும் முதற் குற்றவாளி அழுக்கே. முலாம் உரிந்தால் முன்கழுவலைப் பார்க்கவேண்டும். ஓரங்கள் கருகினால் மின்னோட்டத்தைக் குறைக்கவேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் குறைகள் இவை. தெரியாத குறை ஒன்று நம் மொழியிலேயே ஒளிந்திருக்கிறது. வெள்ளீயம், காரீயம் இரண்டையும் வெறுமனே ‘ஈயம்’ என்கிறோம். முன்னது உணவுக்கு ஏற்றது. கும்பகோணத்து ஈயச்சொம்பில் இரசம் வைப்பது அதனால்தான். பின்னதோ நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே குலைக்கும். புளிப்புப் பட்டால் கரைந்து குழம்போடு கலக்கும். மலைக்கு மேற்கே, பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கு ஒருகாலத்தில் உலகுக்கே வெள்ளீயம் வழங்கியது உண்மை; ஆயினும் பூசுவோர் கையிலிருந்த கட்டி கலப்பற்றதுதானா என்பதை யார் கண்டார்? காரீயம் மலிவு. கலந்தால் 183 பாகையிலேயே இளகத் தொடங்கும். பூசுவது எளிது, பளபளப்பும் குறையாது.

வெள்ளீயக் குச்சியை வளைத்தால் ‘கறகற’வென ஒலிக்கும், காரீயம் ஒலியாது, தாளில் தேய்த்தால் கரிக்கோடு விடும். எனினும் சிறு கலப்பை இச்சோதனைகள் காட்டிக்கொடா. ஆகவே நம்பகமான கடையில் வாங்கிய வெள்ளீயத்தை வீட்டாரே கொடுத்து, அருகிருந்து பூசுவிக்கவேண்டும். யார், எதைப் பூசினார் என்று தெரியாத பழைய அண்டாவைத் தண்ணீர் மொள்ளவும் பயன்படுத்தாது, பூச்செடி வைக்க விட்டுவிடலாம்.